கடைசி அலசல் தண்ணீர்

நசரத்பேட்டையில் நானும் என் தோழியும் கூட்டாக ஒரு சலவைக்கூடம் நடத்துகிறோம். அவள் பூந்தமல்லிக்காரி, வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவள் வேலை. மெஷின்கள் என் பொறுப்பு. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் யூனிஃபார்ம்தான் பிழைப்பு. எங்கள் போர்வெல்லில் ஊறுவது போதாது, தண்ணீருக்கு டேங்கர் லாரிதான். அது வரத் தாமதமானால் எனக்கு உட்காரவே முடியாது. வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

துவைத்த தண்ணீர் பக்கத்துக் காலி மனையில் தேங்கியது. ஒருநாள் அதையொட்டிய வீட்டு அம்மா கேட்டருகே வந்து நின்றார்.

"உங்க நுரை எங்க ஊட்டு வாசல் வரைக்கும் வந்துகினு கீது. புள்ள காலெல்லாம் சொறி. நீயே வந்து பாரும்மா."

போய்ப் பார்த்தேன். கணுக்கால் வரை சிவந்து தடித்திருந்தது. திரும்பி வந்து, மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஒவ்வொரு அலசலாகக் கவனித்தேன்.

கடைசியாக அலசும் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாகத்தான் இருக்கும். அதைத் தொட்டியில் பிடித்து, மணலில் வடிகட்டி, அடுத்த அழுக்குத் துணிக்கு முதல் தண்ணீராக விடலாம். மிஞ்சும் கொஞ்ச அழுக்குத் தண்ணீரைக் கழிவுநீர் லாரியில் ஏற்றிவிடலாம். தோழியிடம் சொன்னதும் சீறினாள்.

"இன்னாடி, நாம இன்னா தர்மசத்திரமா நடத்துறோம்?"

"தர்மம் இல்லடி. ஒரு வாரம் லாரி வரலைன்னா நமக்குக் கடையே இல்ல."

அவள் டேங்கர் லாரி பில்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு அவளே வந்து தொட்டிக்கு இடம் காட்டினாள்.

தொடக்கம் சரியில்லை. சட்டைகளில் ஒரு வாடை அடித்தது. ஒரு கம்பெனி மூட்டையைத் திருப்பி அனுப்பியது. மணலைக் கழுவினேன், மாற்றினேன், நிமிடத்துக்கொரு தரம் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தேன். மெல்ல வாடை போனது.

அந்தக் கோடையில் டேங்கர் லாரிக்காரர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். சுற்றியிருந்த சலவைக்கூடங்கள் மூடிக் கிடந்தன. எங்கள் போர்வெல்லில் ஊறிய சொற்பத் தண்ணீர் கடைசி அலசலுக்குப் போதுமாயிருந்தது. மற்றதெல்லாம் தொட்டித் தண்ணீர். நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் மேனேஜர் போன் செய்தார்.

"பெட்ஷீட் குவிஞ்சு கிடக்கு. உங்ககிட்ட தண்ணி இருக்கா?"

நான் யோசிப்பதற்குள் தோழி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கீது சார், அனுப்புங்க!"

ஸ்ட்ரைக் முடிந்தும் அந்த ஓட்டல் எங்களை விட்டுப் போகவில்லை. பக்கத்து மனையும் காய்ந்துவிட்டது. இப்போது கூரையில் விழும் மழையையும் பிடிக்க வேண்டுமென்று தோழி நச்சரிக்கிறாள். கூரைத் தகரம் துருப்பிடித்திருக்கிறது. வெள்ளைத் துணியில் கறை ஏறுமோ என்று நான் ஏணி போட்டு ஏறி ஏறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.