ரஃபீனாவின் சத்த அறை

ரஃபீனாவைப் பத்திக் கேட்டா எனக்கு மொதல்ல கோவந்தான் வரும். சாயா சொல்லிட்டு, அதை ஆறவிட்டுட்டு, எங்கயோ காதை வச்சிட்டு நிக்கிற பிள்ளை அவ. மட்டாஞ்சேரியில, முன்ன சுக்கு மூட்டை அடுக்கி இப்பக் காலியாக் கிடக்கிற கிட்டங்கிக்கு எதுத்தாப்புல என் சாயாக்கடை. அவ பக்கத்துல உள்ள சுள்ளிக்கல்லு ராவுத்தர் வீட்டுப் பொண்ணு. வாயைத் திறந்தா தமிழு, எழுதச் சொன்னா மலையாளம். தோப்பும்படியில மொபைல் ரிப்பேர் கடையில வேலை.

வேலை விட்டா போனைத் தூக்கிட்டுச் சத்தம் பிடிக்கக் கிளம்பிருவா. பள்ளிவாசல்ல தொழுகைக்கு முன்னால கைகால் கழுவி ஒளு எடுக்கிற தண்ணி, ஜெயின் கோயில் புறாக்கூட்டம் சிறகடிக்கிறது, சர்ச் மணி, வெலிங்டன் தீவுல கப்பல் ஊதுறது, ஒண்ணையும் விடமாட்டா. ஒருநாள் என் அடுப்புக்கிட்டயும் போனை நீட்டினா.

"ஏட்டி, சாயா ஆத்துறதைப் போய்ப் பிடிக்கியே, உனக்கென்ன கிறுக்கா?"

"ஆத்தும்போது வாய்க்குள்ள முருகா முருகாங்கிறீங்க அக்கா. உங்களுக்கே தெரியாது."

எனக்கு நெசமாவே தெரியாது.

இந்த வருஷம் கலைக் கண்காட்சிக்காரங்க அந்தக் காலிக் கிட்டங்கியில அவளுக்கு ஒரு அறை கொடுத்தாங்க. சம்பளத்தையும் தூக்கத்தையும் அதுல கொட்டினா. தரை பூரா செம்புத் தகடு, அடியில வயரு, மூலைக்கு மூலை ஸ்பீக்கர். சாமி படம் ஒண்ணும் கிடையாது. ஆளு நடந்தா சத்தம் எழும்பும், நின்னா அடங்கும். யாரு வந்தாலும் அவங்களையறியாம மனசு ஒரு நிமிஷம் கும்பிடணும், அதான் அக்கா என் ஆசைன்னா. அப்படியொரு புத்தி எங்க தெருவுல வேற யாருக்கு வரும்?

தொறப்பு நாளு பெரிய பெரிய ஆளுங்க வந்தாங்க. நடந்தாங்க, நின்னாங்க. ஒரு சத்தமும் இல்ல. வாசல்ல நின்ன ரஃபீனா மூஞ்சி செத்துப்போச்சு. பொறுப்பாளர் அனில் சேட்டன், "சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் மோளே. இல்லேன்னா அறையை வேற ஆளுக்குக் கொடுக்கணும்"னு சொல்லிட்டுப் போனார்.

வயரு வச்சதுல தப்புப் பண்ணிட்டோம்னு அவ வாசப்படியிலயே முழங்கால்ல தலையைக் கவுத்துட்டா. உள்ள போகவே கூசுது அவளுக்கு. நான் சாயா கொண்டு போனேன், தொடல. எனக்குப் பொறுக்கல.

"பிள்ளையை இப்படி அழவச்ச ஊமைச் சாமி எதுன்னு நானே பார்த்துட்டு வாரேன்"னு, வாசல்ல செருப்பை விட்டுட்டு உள்ள நுழைஞ்சேன்.

யம்மாடி! காலடியிலேருந்து தண்ணி சலசலன்னுச்சு. ரெண்டாவது அடிக்குத் தலைக்கு மேல புறா பறந்துச்சு. தள்ளி மணி, கப்பல். அதுக்கு நடுவுல சாயா ஆத்துற சத்தமும், "முருகா... முருகா..."ன்னு என் குரலும். ஒளுத் தண்ணிக்கும் மணிக்கும் பக்கத்துல என் அடுப்படியை உக்கார வச்சிருக்கா. நின்ன இடத்துல கண்ணு நிறைஞ்சு போச்சு.

ரஃபீனா ஓடி வந்தா. என் காலைப் பார்த்தா, வாசல்ல கிடந்த செருப்பைப் பார்த்தா. பொறவு தலையில அடிச்சிட்டுச் சிரிச்சா.

"தோல் பட்டாத்தான் அக்கா தகடுக்குத் தெரியும். அவங்க எல்லாரும் ஷூவோட நடந்திருக்காங்க!"

கும்பிடுற இடத்துக்கு ஒருத்தன் செருப்போட வருவான்னு அந்தப் பிள்ளைக்குத் தோணவே இல்ல. வாசல்லயே செருப்பை விட்டுப் பழகின எங்க தெரு ஆளுங்களுக்குத்தான் இப்படித் தப்புப் பண்ண வரும்.

சத்தம் கேட்டு அனில் சேட்டன் ஓடி வந்து ஷூவைக் கழட்டினார். சாக்ஸ்ல பெருவிரல் எட்டிப் பார்த்துச்சு, அதையும் உருவிட்டு நடந்தார். வெளிய வந்ததும், செருப்பைக் கழட்டச் சொல்லி மூணு பாஷையில போர்டு வைக்கணும்னார்.

"போர்டு எதுக்கு சேட்டா? ஒரு ஜோடி கிடந்தா மத்தவன் தானா கழட்டுவான்"னு என் செருப்பை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாள் வாசல்ல செருப்புக் குவியல். சாயங்காலம் போய்ப் பார்த்தா என் செருப்பை எவனோ போட்டுட்டுப் போயிட்டான்.

ரஃபீனா பதறிட்டா. "ஐயோ அக்கா, என்னாலதானே! புதுசு வாங்கித் தாரேன்."

"போடி கிறுக்கி. செருப்புக் களவு போற இடம் எதுன்னு உனக்குத் தெரியாதா?"ன்னேன்.

ஒரு நிமிஷம் முழிச்சா. பொறவு என்னைக் கட்டிப்பிடிச்சிட்டு அழுதா.