கப்பலுக்குப் போன கார்கள்

அப்பாவின் நீலச் சீருடையை எத்தனை முறை துவைத்தாலும் புது ரப்பரும் பெயிண்டும் கலந்த ஒரு வாசனை அதைவிட்டுப் போகாது. சென்னையிலிருந்து பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்தில் இறங்கி, எங்கள் ஊரான வரதராஜன்பேட்டைக்கு அவர் வந்து சேரும்போது, கையிலிருக்கும் பையைக் கீழே வைப்பதற்குள் அந்த வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். சென்னைக்கு வெளியே ஒரு கார் ஃபேக்டரியில் அவருக்குக் கதவு பொருத்தும் வேலை. அம்மாவின் தம்பி சேகர் மாமாவையும் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அப்பாதான் அங்கே சேர்த்துவிட்டிருந்தார். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே "ஷிப்ட்" பார்த்து, ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவார்கள். முந்திரிக் காட்டை நம்பிப் பிழைத்த எங்கள் தெருவில் கார் செய்கிறவர்கள் இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டு ஆட்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

ஒருமுறை தொழிலாளர் குடும்பங்களை ஃபேக்டரிக்குள் விட்டார்கள். வரிசையாக நின்ற கார்களில் ஸ்டியரிங் இடதுபக்கம் இருப்பதைப் பார்த்து, "தப்பா மாட்டிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இது நம்ம ஊர்ல ஓடாது பாப்பா, கப்பலுக்குப் போற வண்டி" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "கப்பல் வண்டி". அம்மா ஒரு காரின் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து மூடிவிட்டு, "நீங்க மாட்டினதா?" என்று அப்பாவைக் கேட்டாள். அவர் வெட்கப்பட்டார்.

பிறகு கப்பல் வண்டிகள் குறைந்தன. வேறொரு நாட்டில் இதையே சல்லிசாகச் செய்கிறார்களாம் என்று அப்பா போனில் சொன்னார். எனக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது ஃபேக்டரியையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். மூடக்கூடாது என்று தொழிலாளர்கள் கடைசி ஆர்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்தார்கள். முதலில் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இடையில் இருவரும் ஊருக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருக்கையிலேயே அந்தப் பேச்சு எழுந்தது.

"மிச்ச வண்டிங்கள ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா, நாளைக்கு ஃபேக்டரிய வாங்கறவன் நம்மளயே வெச்சுக்குவான் சேகரு" என்றார் அப்பா.

"யாரு மச்சான் வாங்கப் போறான்? நின்னுபோன அந்த வண்டிங்கதான் நம்மகிட்ட இருக்கற ஒரே பிடி. அதையும் முடிச்சுக் குடுத்துட்டா அப்புறம் எவன் நம்மகிட்ட பேசுவான்?"

"பொண்ணு வளந்துட்டா. என்னால வாசல்லயே உக்காந்திருக்க முடியாது."

மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அம்மா குழம்புக் கரண்டியோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம், வேலைக்குத் திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் வாசலைத் தாண்டி உள்ளே போனபோது, ஜன்னலோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவை மாமா பார்த்துவிட்டார். அன்றே அறையைக் காலி செய்தார். உள்ளே போனவர்கள் மிச்சமிருந்த கார்களை முடித்தார்கள், அவை கப்பல் ஏறின, கேட்டைப் பூட்டினார்கள். வாங்க யாரும் வரவில்லை. அப்பா நினைத்ததும் நடக்கவில்லை, மாமா கேட்டதும் கிடைக்கவில்லை.

அந்த வருஷமே நான் வயதுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் தென்னை ஓலையில் குடிசை கட்டவேண்டும், சீர்த்தட்டோடு அவர்தான் முதலில் வரவேண்டும். அம்மா அழைக்கப் போனபோது, "உன் வூட்டுக்காரரு இருக்கற வாசல்ல நான் எப்படிக்கா வருவேன்?" என்று மட்டும் மாமா சொன்னாராம். ஓலை பின்னியது அப்பா. காரின் கதவை ஒரு மயிரிழை விலகாமல் பொருத்துகிறவருக்கு அன்று கீற்று கையில் நிற்கவில்லை. "தாய்மாமன் இல்லாத சடங்கு ஒரு சடங்கா" என்று கூடியிருந்த பெரியவர்கள் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

வருஷங்கள் பல ஓடிவிட்டன. இப்போது அப்பா அரியலூர் சிமென்ட் ஆலை ஒன்றில் லாரிகளுக்குக் கேட் திறந்துவிடுகிறார். மாமா கும்பகோணம் சாலையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஃபேக்டரி இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறதாம். சீருடையோடு சென்னை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை இப்போது காணோம். எங்கள் ஊர்ப் பையன்கள் வாசல் வாசலாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போகிறார்கள்.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். போன வாரம் அம்மா தாம்பூலத் தட்டோடு மாமா வீட்டுக்குப் போனாள். இந்த முறை மாமா மறுக்கவில்லை. "வரேன்க்கா. கடைசி வரிசையில உக்காந்து பாத்துட்டுப் போயிடுறேன்" என்றிருக்கிறார்.

அம்மா வந்து சொன்னதைக் கேட்ட அப்பா, "மணவறையில அவன் நிக்க வேண்டிய எடத்துல வேற யாரையும் நிக்க வெச்சுடாதீங்க" என்றார்.