புனிதவதி வாசித்த ஆஸ்திரியா

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற புனிதவதிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். எல்லோரும் அசையாமல் நிற்கிற நேரத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு வரும். செத்த வீட்டில் வராது, கோயிலில் வராது. தேசிய கீதம் தொடங்கினால் வந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் படித்த காலத்தில், காலையில் பிள்ளைகள் எல்லோரும் விறைத்து நின்று இலங்கையின் கீதத்தைத் தமிழில் பாடுவார்கள். முன்னால் நிற்கிற ரீச்சரின் கொண்டை தாளத்துக்கு ஆடுவது கண்ணில் படும். அவ்வளவுதான், புனிதவதியின் வயிறு குலுங்கத் தொடங்கிவிடும். அதற்காக வெயிலில் முழங்காலில் நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை.

கனடாவுக்கு வந்து குடியுரிமை எடுத்த அன்றும் அதே கதைதான். பக்கத்தில் நின்ற கணவன் நவரட்ணத்துக்குக் கனடாவின் கீதம் மனப்பாடமில்லை. வாய் சும்மா இருந்தால் நீதிபதி பார்த்துவிடுவார் என்று பயந்து, பாட்டின் மெட்டிலேயே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு நின்றார். "ஏழேழு நாப்பத்தொன்பது" காதில் விழுந்ததும் புனிதவதிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணீர் பொலபொலவென்று ஓடியது. நீதிபதி அம்மாள் இறங்கி வந்து அவளைக் கட்டிப்பிடித்து, "இவ்வளவு தேசபக்தியை நான் கண்டதேயில்லை" என்றார்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், புனிதவதிக்கு ஞானம் எல்லாம் காதில்தான். எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் விரலுக்கு வந்துவிடும். கிழமை நாட்களில் யூனியன்வில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். சனி, ஞாயிறில் சாமத்தியவீடு, கலியாணம் என்று மண்டபம் மண்டபமாகக் கீபோர்ட் வாசிப்பாள். கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிற நவரட்ணம் டோலக் அடிப்பார். இருவரும் ஒரு சின்ன வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவதும், திரும்பி வரும்போது தாளம் யாரால் பிசகியது என்று சண்டை பிடிப்பதும் இருபது வருடத்துப் பழக்கம்.

பஸ் நிற்கிற யார்டில் அவளுக்கு வால்ட்டர் என்றொரு சிநேகிதர் இருந்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் பிறந்து, ரொறன்ரோவில் பேக்கரி வைத்திருந்து, ஓய்வெடுத்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பஸ் ஓட்ட வந்த மனிதர். காலை ஓட்டம் முடிந்து அடுத்த ஓட்டம் தொடங்கும்வரை இருவரும் கோப்பியோடு உட்கார்ந்து கதைப்பார்கள். அவர் சுற்றிக் கொண்டுவருகிற ஆப்பிள் பலகாரத்துக்குப் பதிலாக இவள் ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொடுப்பாள். பலகாரம் நல்லதுதான், ஆனால் இந்தப் பண்டமாற்றில் லாபம் வால்ட்டருக்கே.

ஒரு ஒக்டோபர் மாதம் வால்ட்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கள் தேசிய தினம் வருகிறது. அக்கோர்டியன் வாசிக்கிறவர் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். நீ வருவாயா? முதலில் தேசிய கீதம், பிறகு ஆடுவதற்கு நாலைந்து வால்ட்ஸ். அவ்வளவுதான்."

"உங்கட கீதம் எனக்குத் தெரியாதே, வால்ட்டர்."

"இன்டர்நெட்டில் தேடு, வரும்" என்று சொல்லிவிட்டு அவர் ரோல்ஸைக் கடித்தார். அந்த ஒரு கடியோடு பேச்சு முடிந்துபோனது. அதுதான் பிழையாகப் போன இடம்.

வீட்டுக்கு வந்து புனிதவதி போனில் தேடினாள். முதலில் வந்த வீடியோவில், கன்னமெல்லாம் வெள்ளை மீசை படர்ந்த ஒரு கிழவர் மார்பு நிறையப் பதக்கங்களோடு இருந்தார். பின்னால் கம்பீரமான ஒரு மெட்டு, ஆறு ஓடுகிற மாதிரி நிதானமாக ஓடியது.

நவரட்ணம் எட்டிப் பார்த்தார். "ஆரப்பா உந்த மீசைக்காரர்?"

"அவையின்ர பிரதமராக்கும்."

"இந்தக் காலத்தில ஆர் உப்பிடி மீசை வைக்கிறது? வேற ஒண்டையும் ஒருக்காப் பாரும்."

"சும்மா இருங்கோப்பா. படம் போட்டு, கொடி போட்டு, எவ்வளவு வடிவா வச்சிருக்கினம். இதுதான்."

ஒருமுறை கேட்டாள், விரலுக்கு வந்துவிட்டது. இரண்டாவது முறை அதற்குக் கொஞ்சம் மெருகும் ஏற்றினாள்.

விழா மண்டபம் ரெக்ஸ்டேல் பக்கம், ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே சிவப்பு வெள்ளைக் கொடிகள், பொரித்த இறைச்சி வாசம், அறுபது எழுபது வயதான சனம். சங்கத் தலைவர் ஓட்டோ நெடுத்த மனிதர். பச்சைக் கோட்டின் பொத்தான்கள் எல்லாம் கழுத்துவரை பூட்டியிருந்தன. மைக்கைப் பிடித்து, "எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்றார். கதிரைகள் கிறீச்சிட்டன. புனிதவதி உதட்டைக் கடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் வரி முடிவதற்குள் மண்டபத்தின் முகம் மாறியது. சிலர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களில் சிலர் திரும்ப எழுந்தார்கள். ஓட்டோவின் கழுத்து பொத்தானுக்கு மேலால் சிவந்துகொண்டு போனது. அப்போது முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவி, ஹில்டா என்று பெயர், தொண்ணூறைத் தாண்டியவள், குயில் மாதிரி மெல்லிய குரலில் பாடத் தொடங்கினாள். மூலையில் இருந்த ஒரு கிழவர் அதே மெட்டை செக் மொழியில் பாடினார். இன்னொரு மேசையில் வேறு ஏதோ மொழி.

"நிறுத்துங்கள்!" என்றார் ஓட்டோ. "இது ஜெர்மனியின் பாட்டு!"

புனிதவதியின் கை நின்றது. நவரட்ணம் டோலக்கின் பின்னால் குனிந்து, "மீசை, மீசை எண்டு அண்டைக்கே சொன்னனான்" என்றார். அவ்வளவுதான். நாற்பது வருடமாக அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. கீபோர்டின்மேல் கவிழ்ந்து சிரித்தாள். முழங்கை பட்டு ஏழெட்டுக் கட்டைகள் சேர்ந்து அலறின.

"ஜெர்மனியின் பாட்டா?" ஹில்டா திரும்பினாள். "ஓட்டோ, அது எங்கள் பாட்டு. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் முதலாம் வகுப்பில் பாடினது இதைத்தான். பெண்ணே, நீ வாசி!"

"வாசிக்காதே!" என்றார் ஓட்டோ.

பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். வால்ட்டர் வந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு வாங்க விளங்கப்படுத்தினார். அந்த மெட்டு இருநூறு வருடத்துக்கு முன் ஒரு பெரிய இசைமேதை சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்காகப் போட்டது. சாம்ராஜ்யத்தில் எத்தனை மொழியோ அத்தனை மொழியிலும் அதைப் பாடினார்கள். வீடியோவில் கண்ட மீசைக்காரர் அந்த வம்சத்தில் பின்னால் வந்த ஒரு சக்கரவர்த்தி. முதலாம் உலகப்போரில் சாம்ராஜ்யம் உடைந்தது. மிஞ்சின சின்ன நாட்டுக்குத் தான் ஒரு நாடுதானா என்பதே சந்தேகம். ஜெர்மனியோடு சேர்ந்துவிடுவோம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அரசாங்கத் தலைவரே ஒரு புதுப்பாட்டு எழுதினார். அது சனத்தின் வாயில் ஏறவில்லை. பத்து வருடத்தில் பழைய மெட்டு புதுச் சொற்களோடு திரும்பி வந்தது. அதற்குள் ஜெர்மனியும் அதே மெட்டைத் தன் கீதமாக்கியிருந்தது. பிறகு ஹிட்லர் வந்து நாட்டையே விழுங்கினான். போர் முடிந்ததும், நாங்கள் வேறு அவர்கள் வேறு என்று உலகத்துக்குக் காட்டவேண்டியிருந்தது. போட்டி வைத்துப் புதிய பாட்டு எடுத்தார்கள். அதுதான் இப்போதைய கீதம். அதன் மெட்டைப் போட்டவர் என்று பெருமையாகச் சொல்லி வந்த இன்னொரு மேதை உண்மையில் அதைப் போடவில்லையாம். ஆர் போட்டதென்றும் சரியாகத் தெரியாதாம்.

புனிதவதி இதைத் தமிழில் சுருக்கிச் சொல்ல, நவரட்ணம் தலையைச் சொறிந்தார். "அப்ப இவையின்ர பாட்டு அவையளிட்ட இருக்கு. இப்ப இவையிட்ட இருக்கிறது ஆரின்ர எண்டு இவைக்கே தெரியாது. நாங்கள்தான் குழம்பின சனமெண்டு நினைச்சன்."

சண்டையைத் தீர்த்தது ஹில்டாதான். கைத்தடியால் தரையில் தட்டினாள். "எல்லாவற்றையும் பாடுவோம். வரிசையாக. வந்தவள் தெரியாமல் தொடங்கிவிட்டாள், நாங்கள் முடித்துவிடுவோம்."

பழைய மெட்டை முழுதாகப் பாடினார்கள். ஓட்டோ மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். ஆனால் அவருடைய சப்பாத்தின் நுனி தாளம் போட்டதைப் புனிதவதி கண்டாள்.

அடுத்தது அரசாங்கத் தலைவர் எழுதின பாட்டு. ஒருவருக்கும் தெரியாது. வால்ட்டர் போனில் தேடி எடுத்து உரக்கப் பாடினார், புனிதவதி அவருடைய குரலைத் துரத்திக்கொண்டு வாசித்தாள். மெட்டு ஏணியில் ஏறுகிற மாதிரி மேலே மேலே போனது. வால்ட்டரின் குரல் பாதி ஏணியில் கிழிந்து, கோழிச் சத்தமாகி, பிறகு காற்று மட்டும் வந்தது. மண்டபமே மேசையில் அடித்துச் சிரித்தது. "ஏன் இது நிலைக்கவில்லை என்று இப்போது விளங்குகிறதா?" என்று ஹில்டா கண்ணைத் துடைத்தாள்.

கடைசியாக இப்போதைய கீதம். வால்ட்டர் முணுமுணுத்துக் காட்டினார், புனிதவதி பிடித்துக்கொண்டாள். அமைதியான, மென்மையான பாட்டு. எல்லோரும் ஒழுங்காகத்தான் பாடினார்கள், நாட்டின் பெருமைக்குரிய புதல்வர்களைச் சொல்கிற வரி வரும்வரை. அந்த வரியில் புதல்விகளையும் சேர்க்கவேண்டும் என்று அங்கே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னரே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்தக் கிழவர்கள் அதற்கு வெகுகாலம் முன்னரே கனடாவுக்கு வந்தவர்கள். ஆண்கள் பழைய வரியையும் பெண்கள் புது வரியையும் பிடிக்க, இரண்டும் நடுவழியில் மோதிக்கொண்டன.

"திரும்ப!" என்றார்கள் பெண்கள்.

திரும்ப வாசித்தாள். திரும்பவும் மோதல்.

"பாட்டை எழுதினதே ஒரு பெண்தான், மடையர்களே!" என்று ஹில்டா கத்தினாள். புனிதவதிக்கு அது பிடித்துப்போனது. மூன்றாவது தடவை அந்த வரி வந்தபோது சத்தத்தை நன்றாகக் கூட்டிப் பெண்களுக்குத் துணையாக வாசித்தாள். ஆண்கள் பணிந்தார்கள். கடைசி மேசையில் ஒருவர் மட்டும் பழையபடி பாட, அவருடைய மனைவி அவருடைய வாயில் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை வைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஹில்டா புனிதவதியைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "உன்னுடைய கீதம் எது?"

புனிதவதி பள்ளிக்கூடத்தில் தமிழில் பாடினதைச் சொன்னாள். அதே மெட்டைச் சிங்களத்தில் பாடுவார்கள், தமிழில் பாடலாமா கூடாதா என்பதற்கே அங்கே இன்னமும் சண்டை என்றாள். போர் வந்த பிறகு எந்தப் பாட்டுக்கு எழும்புவது என்பதே உயிர்ப் பிரச்சினையாகிப் போனதையும் சொன்னாள்.

"இப்ப கனடாப் பாட்டுத்தான். அதிலயும் ஆண்பிள்ளையளை மட்டும் சொன்ன வரியைக் கொஞ்ச வருசத்துக்கு முன்னம் மாத்திப்போட்டினம்."

ஹில்டா அவளுடைய விரல்களைத் தட்டிக் கொடுத்தாள். "எங்களிடம் ஒரு மெட்டு, பத்துப் பன்னிரண்டு மொழி இருந்தது. அப்படியும் உடைந்தது. பாட்டில் பிழையில்லை, பெண்ணே. சரி, நிற்கிற பாட்டு போதும். ஆடுகிற பாட்டு ஒன்று உண்டா?"

புனிதவதி நவரட்ணத்தைப் பார்த்தாள். நவரட்ணம் ஏற்கெனவே டோலக்கை இழுத்து மடியில் வைத்துவிட்டார்.

"பைலாவா?"

"ஓம். ஆனா மெல்லமாத் தொடங்குங்கோ, வயசான சனம்."

அவர் மெல்லமாகத் தொடங்கவில்லை. இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலாவும் மும்மூன்றாகத் துள்ளுகிற தாளந்தான்; வால்ட்ஸ் பழகின கால்கள் அதை உடனே பிடித்துக்கொண்டன. ஜோடி ஜோடியாகச் சுழன்றார்கள். இடுப்பு எங்கே ஆட்டவேண்டும் என்று தெரியாமல் தோளை ஆட்டினார்கள். செக் கிழவர் ஹில்டாவின் நாற்காலியைப் பம்பரமாகச் சுற்றினார். ஓட்டோ கழுத்துப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார், பிறகு இன்னொன்று, பிறகு கோட்டையே கழற்றித் தலைக்குமேல் வீசினார். அது கொடிக் கம்பத்தில் போய்த் தொங்கியது. ஒருவரும் எடுக்கவில்லை.

கையை முறித்துக்கொண்ட அக்கோர்டியன்காரருக்குக் கை சுகமானது. ஆனாலும் அடுத்த வருடம் அவரையும் புனிதவதியையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். அவர் வால்ட்ஸ் வாசித்தார், இவள் பைலா வாசித்தாள். கீதம் வாசிக்கிற உரிமையும் அவளுக்கே. தொடங்குமுன் ஓட்டோ மேடைக்கு வந்து, "இன்றைக்கு எது?" என்று காதுக்குள் கேட்பார்.

போன கோடையில் நவரட்ணத்தின் அறுபதாவது பிறந்தநாளை மார்க்கத்தில் ஒரு மண்டபத்தில் கொண்டாடினார்கள். ஆஸ்திரியச் சங்கத்துக்கு ஒரு முழு மேசை. கேக் வெட்ட நவரட்ணம் உள்ளே வருகிறபோது நாதஸ்வரம் முழங்கியது. இதுதான் தமிழரின் கீதமாக்கும் என்று ஓட்டோ துள்ளி எழுந்து, நெஞ்சில் கை வைத்து, நிமிர்ந்து நின்றார். அவருடைய மேசை முழுவதும் எழுந்தது. வெள்ளைக்காரர் எழும்புகிறார்களே, ஏதோ காரணம் இருக்கும் என்று பக்கத்து மேசை எழுந்தது, பிறகு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க எழுந்து நெஞ்சில் கையோடு நின்றது. பட்டு வேட்டி கட்டின நவரட்ணம் வாசலில் திகைத்துப்போய், தானும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"என்னப்பா நடக்குது?" என்றார் வாயசையாமல்.

"பேசாமல் நடவுங்கோ," என்றாள் புனிதவதி. "ராசா மாதிரி இருக்கிறியள்."