எழுபது மார்க்குக் காது

திருத்தணி மலையடிவாரத்தில் வீராசாமியின் தறிக்கொட்டகையைத் தெரியாதவர் அந்த நாளில் கிடையாது. பொதட்டூர்பேட்டையிலிருந்து மாற்று வேட்டிகூட இல்லாமல் வந்த மனிதர். அடுத்தவன் தறியில் கூலிக்கு நெய்து, சொந்தமாக ஒரு விசைத்தறி போட்டு, ஒன்று நான்காகி, நான்கு எட்டாகி, கொட்டகையை ஒட்டியே மெத்தை வீடும் கட்டிவிட்டார். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மாமரத்தில். இதையெல்லாம் அவரே சொல்லுவார். கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அவர் வாயிலிருந்து வராத சொல் ஒன்றே ஒன்றுதான்: "கேக்கல."

வாலிபத்திலிருந்து தறிச் சத்தத்திலேயே கிடந்த காது. மந்தப்படாமல் என்ன செய்யும்? ஆனால் ஒரு முதலாளி, கூலிக்கு நெய்கிறவனைப் பார்த்து, இன்னா சொன்னே, இன்னொரு வாட்டி சொல்லு என்று கேட்பதா? யார் எதைச் சொன்னாலும் "ஆங்" என்று தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவார். கொட்டகைக்குள் அது போதும். அங்கே யாருமே வாயால் பேசுவதில்லை. இரண்டு விரலை வெட்டிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. கட்டை விரலை உதட்டில் வைத்தால் டீ வந்துவிட்டது. வாய்ப்பேச்சு வேண்டியிருந்தது வீட்டுக்குள்தான்.

எழுபத்தாறாம் வருஷம் அவர் மைத்துனன் பெருமாள் விடாப்பிடியாக அவரை மெட்ராசுக்கு ரயிலேற்றி ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"நீ வெளியவே குந்து. என் காதுக்கு நீ இன்னாடா சாட்சி?" என்று அவனை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இவர் மட்டும் உள்ளே போனார்.

சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த சின்ன அறை. காதில் இரண்டு கிண்ணம் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். பரீட்சை என்றதும் வீராசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. கேட்டதற்கும் தூக்கினார், கேட்டது போல் இருந்ததற்கும் தூக்கினார். பிறகு டாக்டர் எதிரே உட்கார்ந்து பொறுமையாக விளக்கிச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் காது மந்தம் என்பதை மந்தக் காதுக்காரருக்கு மெல்லிய குரலில் அல்லவா சொன்னார்? வீராசாமி எல்லாவற்றுக்கும் "ஆங்" போட்டார். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டதற்கும் ஒரு "ஆங்".

படியிறங்கும்போது அவர் மனசில் தங்கியிருந்தது இவ்வளவுதான்: இடது காது எழுபது, வலது காது முப்பத்தைந்து, அப்புறம் பஞ்சு.

"இன்னா சொன்னாரு பாவா?" என்றான் பெருமாள்.

"எடது காது எழுபது மார்க்குடா! பர்ஸ்ட் கிளாஸ். வலதுதான் முப்பத்தஞ்சு, தட்டுத்தடுமாறி பாஸ். அதுக்குப் பஞ்சு வெச்சிகினு இருக்கணுமாம்."

"மருந்து மாத்திரை?"

"எழுபது வாங்கினவனுக்கு எதுக்குடா மருந்து?"

அன்று முதல் வலது காதில் எண்ணெய் தொட்ட பஞ்சு ஏறியது. நூல்காரர் வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்? காலையில் பல் துலக்கியதும் புதுசாக உருட்டி அடைத்துக்கொள்வார். முதல் நாள் ஊரே கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. வைத்தியம் பிடிக்கிறபோது அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டார். யார் பேச வந்தாலும் எழுபது மார்க்குக் காதைத்தான் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுப்பார்.

கொடுத்தும் யாரும் சரியாகப் பேசுவதாக இல்லை. கரண்டு போகும் மதியங்களில் ஆட்கள் வேப்பமரத்தடியில் டீயோடு உட்கார்ந்து சிரிப்பார்கள். இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் உதடு அசையும், சத்தம் வராது. முதலாளியைக் கண்டதும் குரலை இறக்குகிறான்கள் என்று எழுந்து வந்துவிடுவார். கொஞ்ச நாளில் கரண்டு போனாலும் தறிப் பக்கத்திலேயே தனியாக உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாக் கட்டையைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலோ அதைவிட மோசம். மார்கழியில் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே மனைவி ஞானம்மாள் ஏதோ சொன்னாள். இவர் "ஆங்" என்றார், கை கழுவினார், கொட்டகைக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. மறுநாள் பெருமாள் வந்து, மணவூரில் கட்டிக்கொடுத்த மகள் சந்திராவுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியை அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தினான்.

"அக்கா கூப்பிட்டுச்சாமே, நீ ஏன் பாவா வரல?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டு, இப்ப நான் வரலன்னு வேற சொல்றாளா?"

மணவூரிலிருந்து திரும்பி வந்த ஞானம்மாள் அதன்பிறகு அவரிடம் வாய் திறக்கவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. கட்டை விரலை உதட்டில் வைத்துக் காட்டினால் டீ. ஐந்து விரலைக் குவித்துக் காட்டினால் சோறு. கொட்டகைச் சைகை வீட்டுக்குள் வந்துவிட்டது. எட்டுத் தறிக்கு முதலாளி, சொந்த வீட்டில் ஊமைப் படம் பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "எழுபது மார்க்குக் காது எனக்கு. அவதான் வாயைக் கட்டிக்கினா" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். அதற்கு அவர்கள் என்ன பதில் சொன்னார்களோ, அதுவும் அவருக்கு எட்டாது.

அடுத்த ஆடியில் பேரனுக்கு முதல் மொட்டை. கிருத்திகைக் கூட்டம் அடங்கின பிறகு எல்லோரும் சரவணப் பொய்கைக் கரையில் கூடினார்கள். தாத்தாவும் கூடவே மொட்டை போடுவதாக வேண்டுதல். சவரம் செய்யும் ஆள் தலையை நனைத்து, கத்தியை வைக்கப் போனவன், வலது காதைப் பார்த்துச் சிரித்தான். அவன் சொன்னது இவருக்குக் கேட்கவில்லை. அவன் விரலால் பஞ்சை நிமிண்டி வெளியே எடுத்துப் போட்டான்.

"…மொதலாளி, காதுக்குள்ள நூல் மில்லே வெச்சிகினு கீறீங்களே!"

வீராசாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஆடாதீங்க, கத்தி பட்டுடும்!"

குளத்துத் தண்ணீர் சளசளத்தது. எங்கோ ஒரு காவடியின் மணி. வலப் பக்கம், முதுகுக்குப் பின்னால் குழந்தை வீரிட்டது. அதைத் தேற்றியபடி ஒரு குரல்.

"அழாதடா ராஜா. தோ பாரு, உங்க தாத்தாவும் மொட்டை. அவரு அழறாரா பாரு."

ஞானம்மாளின் குரல்! எத்தனை மாதமாயிற்று! வீராசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நைனாவிடம் பேசுவதே இல்லையா என்று சந்திரா கேட்டிருக்க வேண்டும். ஞானம்மாள் சற்று உரக்கவே பதில் சொன்னாள்.

"உங்க நைனாகிட்டயா? சுவத்துகிட்ட சொன்னா அதாவது எதிர்க்குரல் குடுக்கும். பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு சொன்னதுக்கே ஆங்னுட்டுப் போன மனுசன். அந்த ஆங் இன்னும் நெஞ்சுல குத்திக்கினு கீது."

கத்தி தலையில் ஓடிக்கொண்டே இருந்தது. வீராசாமி வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தார். உலகம் போய்விட்டது. எடுத்தார், வந்துவிட்டது. இடது காதை அடைத்துப் பார்த்தார். எதுவும் மாறவில்லை. பெயிலாகப் பார்த்த காது கேட்கிறது, பர்ஸ்ட் கிளாஸ் காது கேட்கவில்லை. இதென்ன கணக்கு?

யாரிடமும் சொல்லாமல் மறுநாளே தனியாக ரயிலேறினார். அதே டாக்டர்.

"போன தடவை நான் சொன்னதுல உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று இந்த முறை அவர் உரக்கவே கேட்டார்.

வீராசாமி ஒப்பித்தார். எழுபது, முப்பத்தைந்து, பஞ்சு.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு வலப் பக்கம் வந்து உட்கார்ந்தார். "அது மார்க்கு இல்லைங்க. எழுபதுன்னா, அவ்வளவு பெரிய சத்தம் போட்டாத்தான் அந்தக் காதுக்கு எட்டும். முப்பத்தஞ்சுன்னா, அதைவிடச் சின்னச் சத்தமே எட்டிடும். எண் ஏற ஏற காது மோசம்."

"அப்ப இழை அறுந்த கணக்கு மாதிரியா சார்? எந்தத் தறியில ஜாஸ்தி அறுந்துச்சோ அந்தத் தறி மோசம்?"

"அதேதான். பஞ்சும் தறிகிட்ட நிக்கும்போது மட்டுந்தான், ரெண்டு காதுக்கும். வீட்டுல வேணாம். கேக்கற சக்தி போனது போனதுதான், திரும்ப வராது. பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல் இன்னும் குறையும். பேசறவங்களை வலது பக்கம் உக்கார வைங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லிடுங்க. எங்கே, நான் சொன்னதை ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

வீராசாமி சொன்னார். ஒன்று விட்டுப்போயிற்று. டாக்டர் எடுத்துக் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். கடைசி வரியை மட்டும் டாக்டர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். மணவூர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. பெண்ணுக்கு வலி எடுத்த அன்று ஞானம்மாள் தன்னந்தனியாக இந்த மேடையில்தான் இறங்கியிருப்பாள். வண்டி கிளம்பும்வரை அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். அமாவாசை லீவு இல்லை, கரண்டு போகவில்லை, எதற்கு நிறுத்தச் சொல்கிறார் என்று ஆட்கள் விழித்தார்கள். மறுபடி காட்டினார். தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

அடுப்படியில் ஞானம்மாள் நிமிர்ந்து, ஐந்து விரலைக் குவித்துக் காட்டினாள்.

"சைகை வேணாம்" என்றார் வீராசாமி. அவளுக்கு இடப் பக்கமாகப் போய், வலது காது அவள் பக்கம் இருக்கும்படி மணையைப் போட்டு உட்கார்ந்தார். "இந்தக் காதுதான் நல்ல காதாம். நான்தான் மாத்திப் புரிஞ்சிகினேன். இப்படிப் பேசு."

அவள் உதடுகள் அசைந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. காதுதான் இன்னும் ஏமாற்றுகிறதோ என்று பயந்து, விரலால் குடைந்துகொண்டார். காது இல்லை. இத்தனை மாதத்தில் அவரிடம் குரல் கொடுக்கும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சந்திராவுக்கு வலி எடுத்துடுச்சு, நீங்களும் வாங்கன்னு சொன்னேனே. ஆங்னீங்களே. அன்னிக்கு கேட்டுச்சா, கேக்கலையா?"

கேட்டது என்றால் அவர் மனுஷனே இல்லை. கேட்கவில்லை என்றால், இத்தனை வருஷமாக அவர் போட்ட அத்தனை ஆங்கும் பொய். வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். தறி ஓடவில்லை. எதைச் சொன்னாலும் அவர்கள் காதில் விழும்.

"கேக்கல" என்றார் வீராசாமி.

 ஞானம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சோற்றை வடித்த சத்தம் கேட்டது. கரண்டியைக் கழுவி வைத்த சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் அந்தக் காதைக் கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு வெளியே போய்த் தறிகளை ஓட்டச் சொல்லிவிட்டு, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் சாப்பிட வந்தபோது ஞானம்மாள் மணையை அதே இடப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்தார். பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் தட்டை வைத்தாள், சைகை காட்டவில்லை. அவர் காத்திருந்தார்.