பெங்களூரில் வாங்கிய கடல் சட்டை

சனிக்கிழமை, காலை 5.20. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் பெங்களூர் சாந்திநகர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. தொண்ணூறு கிலோமீட்டர், நூற்றுப் பத்து ரூபாய். "இவ்ளோ காலையில பெங்களூர்ல என்னம்மா வேலை?" என்றார் கண்டக்டர். கடலுக்குள் முங்கப் போட்டுக்கொள்ளும் ஜாக்கெட் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் மனுஷன் என்னை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டுவிடுவார். "துணி எடுக்க" என்றேன்.

நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். வயது நாற்பத்தாறு. இந்த வயதில் உனக்கு ஸ்கூபா ஒரு கேடா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு முன் புதுச்சேரியில் நான்கு நாள் பயிற்சிக்குப் போனேன். மூன்று நாள் மகாராணி மாதிரி இருந்தேன். நாலாம் நாள் கடலுக்கு மேலே வந்து படகுக்காகக் காத்திருந்தபோது, காற்று நிரப்பிய ஜாக்கெட் காதுவரை ஏறிவந்து முகவாயை அழுத்தியது. ஜாக்கெட் மேலே, நான் கீழே. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். பயிற்சியாளரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினேன். சான்றிதழ் என்னவோ கிடைத்தது. அதற்கப்புறம் நான் தண்ணீரில் இறங்கவே இல்லை.

கூடப் பயின்ற விஜி அடுத்த மாதம் எட்டுப் பேரோடு, கடலுக்குள் முங்க, கர்நாடகக் கடலோரத்து நேத்ராணித் தீவுக்குக் கிளம்புகிறாள். நான் வருகிறேனா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். எனக்குச் சரியான ஒரு ஜாக்கெட் அமைந்து, அதில் பதறாமல் மிதக்க முடிந்தால் போவேன். இல்லாவிட்டால் கடலுக்கு ஒரு பெரிய கும்பிடு. இந்த முடிவோடுதான் பஸ் ஏறியிருந்தேன்.

காலை 7.50. சில்க் போர்டு சிக்னலில் மட்டும் இருபது நிமிடம் போயிற்று. சாந்திநகரில் இறங்கி சிவாஜிநகருக்கு டவுன் பஸ் பிடித்தேன். பெண் கண்டக்டர் "ஆதார் தோர்ஸி" என்று கை நீட்டினார். காட்டினேன். ஊரைப் பார்த்துச் சிரித்து, நொடியில் தமிழுக்கு மாறினார். "கிருஷ்ணகிரியா? இங்க ஃப்ரீ எங்க ஊர் லேடீஸுக்கு மட்டும்தான்மா. பதினெட்டு ரூபா குடுங்க." டிக்கெட் கேட்பதையும் இவ்வளவு அழகாகக் கேட்க முடியுமா!

8.30. சிவாஜிநகர். கறிக்கடைகளில் கத்தி தீட்டும் சத்தம், துணிக்கடை வாசல்களில் பிரிக்காத மூட்டைகள். பத்தடிக்குள் தமிழும் கன்னடமும் உருதும் காதில் விழுந்தன. துணி மூட்டைகளைப் பார்த்ததும் என் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பிரேசர் டவுன், இரண்டரை கிலோமீட்டர். எண்பது கேட்டவர் அறுபதுக்கு இறங்கினார்.

"டைவிங் கடையா? அய்யோ, பெங்களூர்ல கடலுக்கு எங்கம்மா போறது? அல்சூர் ஏரில எறங்குனா நேரா ஆஸ்பத்திரிதான்!" என்றார். ஆனாலும் சந்து சந்தாக விசாரித்துக் கடை வாசலிலேயே கொண்டுபோய் விட்டார். நல்ல மனுஷன்.

9.00. கீழே பேக்கரி, மேலே கடை. கடைக்காரர் எட்வினுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பல வருஷம் அந்தமானில் ஆட்களை முங்க வைத்துவிட்டு ஊர் திரும்பியவர். சுவர் முழுக்க ஜாக்கெட்டுகள் தொங்கின. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொள்ள உதவுவது இதுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் ஜாக்கெட்டுக்குள் காற்று ஏறும், நாம் மேலே வருவோம். இன்னொன்றை அழுத்தினால் காற்று வெளியேறும், கீழே போவோம். காற்று முதுகுப் பக்கம் மட்டும் நிரம்புகிற ரகம் ஒன்று, விலா வரைக்கும் சுற்றி நிரம்புகிற ரகம் இன்னொன்று.

"ஃபர்ஸ்ட் டைம் வாங்க வர்றவங்க எல்லாரும் பாக்கெட்டதான் எண்ணுவாங்க" என்றார். நான் அப்போது நாலாவது பாக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெண்களுக்கான ஜாக்கெட்டில் எஸ் சைஸை எடுத்தார். நான் எல் கேட்டேன். உடம்பைப் பிடிக்கிற துணி எனக்கு ஆகாது. ஆண்கள் நடுவே கூச்சம் வேறு. அதோடு தொழில் புத்தி. எங்களிடம் வரும் அம்மாக்கள் எல்லாரும் "வளர்ற புள்ள, மூணு வருஷம் வரணும்" என்பார்கள். ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து விடாமல் நான் சட்டை தைத்ததே இல்லை. "ஒரு சைஸ் கூட இருந்தா என்ன கெட்டுப்போச்சு தம்பி?" என்றேன்.

எட்வின் வாதாடவில்லை. "பரவால்லக்கா, ரெண்டையும் எடுத்துக்கலாம். நனைக்காம நான் விக்கிறதில்ல. நான் சொன்னா கேக்க மாட்டீங்க, தண்ணி சொன்னா கேப்பீங்க."

இதற்கென்றே எல்லா அளவிலும் பழைய ஜாக்கெட்டுகளை அவர் தனியாக வைத்திருக்கிறார். வாங்க வருகிற ஒவ்வொருவரையும் நான்கு கிலோமீட்டர் வேனில் கூட்டிப்போய்க் குளத்தில் இறக்குகிறார். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. எங்கள் தொழிலில் தைத்த சட்டையைப் போட்டுப் பார்ப்பதற்குக்கூட நான் மூக்கால் அழுவேன்.

11.15. நீச்சல் குளம், ஆழம் பன்னிரண்டு அடி. பெங்களூர்க் குளிரில் தண்ணீர் பனிக்கட்டி. எல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஆழமான பக்கம் போனேன். காற்று நிரப்பச் சொன்னார், நிரப்பினேன். அவ்வளவுதான், ஜாக்கெட் காதுக்கு ஏறியது. முகவாயில் அதே அழுத்தம், வாயில் தண்ணீர். ஒரே பாய்ச்சலில் குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம் சாமி! இந்தத் தண்ணியும் வேண்டாம், ஜாக்கெட்டும் வேண்டாம்" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது.

எட்வின் பக்கத்தில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "டென்ஷன் பேடக்கா, பதறாதீங்க. மூச்சு விடுங்க. பாண்டில எந்த சைஸ் போட்டிருந்தீங்க?"

"எல்."

"அவங்களே குடுத்தாங்களா?"

அவர்கள் எஸ்தான் கொடுத்தார்கள். பிடிக்கிறது, வேண்டாம் என்று மூன்று நாள் முனகிவிட்டு, நாலாம் நாள் காலை நானே அதைத் திருப்பிக் கொடுத்துப் பெரியதை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதன்பின் இரண்டு மாதமாக ஊரெல்லாம் "ஓட்டை ஜாக்கெட்டைக் குடுத்து என்னைக் கொல்லப் பாத்தானுங்க" என்று சொல்லித் திரிந்தவளும் நான்தான். சுவரைப் பிடித்தபடி எட்வினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"ஜாக்கெட் மிதக்குதுக்கா, நீங்க மிதக்கல. அதுக்குள்ள தொங்கிட்டு இருக்கீங்க" என்றார் எட்வின். ஒரு சிரிப்புக்கூட இல்லை. அதற்காகவே அவருக்குக் கோடி புண்ணியம்.

எஸ் ஜாக்கெட்டுக்கு மாறினேன். கரையிலேயே முழுக்கக் காற்று ஏற்றி, ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னார். பிடித்தது, ஆனால் மூச்சு தாராளமாக வந்தது. ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பற்றி மேலே தூக்கினார். நான்தான் நுனிக்காலில் எழும்பினேன். ஜாக்கெட் ஒரு விரற்கடை நகரவில்லை. பிறகு தண்ணீர். முகவாய் நீர்மட்டத்துக்கு மேலேயே இருந்தது. வேண்டுமென்றே முகத்தில் தண்ணீரை அடித்தார் பாவி. அப்போதும் நான் முங்கவில்லை. சுவரை விட்டேன்.

காற்றை வெளியேற்றிக் கீழே போனேன். பாதி ஆழத்தில் ஒரு சொட்டுக் காற்று ஏற்றி நின்றேன். தரையும் தொடவில்லை, மேலேயும் போகவில்லை. மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறினேன், விட்டால் ஒரு சாண் இறங்கினேன். என் உடம்பு எனக்கு இவ்வளவு சொன்னபடி கேட்டதாக ஞாபகமே இல்லை. எட்வின் மேலே வரச் சொல்லி மூன்று தடவை சைகை காட்டினார். மூன்று தடவையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிற்பகல் 3.40. சாந்திநகரில் ஊர் பஸ் ஏறினேன். மடியில் புது ஜாக்கெட். இரண்டே பாக்கெட், மூன்று கிலோவுக்குக் குறைவு, முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். எங்கள் ஊரில் பெரிய அணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போவோம், வறுத்த மீன் தின்போம், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இந்தப் பெங்களூரோ, பன்னிரண்டடிக் குளத்தை வைத்துக்கொண்டு ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறது. மலைப்பாக இருந்தது.

அத்திப்பள்ளி தாண்டும்போது புதுச்சேரிப் பயிற்சியாளருக்குப் போன் போட்டு, "தப்பு என்மேலதான் சார், மன்னிச்சுக்குங்க" என்றேன். வைத்த கையோடு விஜியின் போன் வந்தது.

"என்னக்கா, வர்றீங்களா இல்லையா?"

"வர்றேன்டி" என்று சொல்லும்போதே எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது.

பக்கத்து சீட்டுப் பெண் பதறிப்போனாள். "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா" என்றேன். "எனக்கு ஒரு சட்டை சரியா அமைஞ்சிருக்கு."