பச்சை காட்டிய புகார்

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மறு காதை ஸ்குரூடிரைவர் நுனியால் குடைந்துகொண்டேதான் அருள்மணி பேசுவான். கூப்பிட்டவரிடம் பேர் கேட்பதில்லை. "நம்பர வச்சே தெரிஞ்சுடும், விஷயத்த சொல்லுங்க" என்பான். அவன் பெண்சாதி கவியா அந்த ஸ்குரூடிரைவரைப் பிடுங்கி வைக்காத நாள் கிடையாது.

மலை மேல் புதூர்நாட்டில் ஜீப் நிற்கிற இடத்துக்கு எதிரே அவன் கடை. சோலார் விளக்கும், சாமைக்கு உமி நீக்குகிற மெஷினும் விற்பான். பழுதானால் அவனே போய்ப் பார்ப்பான். முன்பெல்லாம் புகார்கள் கவியாவின் நினைப்பிலும் கடைச் சுவரிலும் கிடந்தன. பாதி காணாமல் போகும். போன தை மாதம் அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. புகார் வந்ததும் அதை 'டிக்கெட்' என்று பதிவு போட்டு, வேலை முடிந்ததும் மூடி வைக்கிற சாஃப்ட்வேர் வேண்டும். அதுவும் 'ஓப்பன் சோர்ஸ்' வேண்டும்.

"உள்ள இன்னா கீதுன்னு யார் வேணா தொறந்து பாக்கலாம் ஆயா. நமக்கேத்த மாதிரி மாத்திக்கலாம். சும்மாவே குடுக்கறாங்க" என்றான், அவன் கடைத் திண்ணையே கதியென்று கிடக்கிற என்னிடம்.

"சும்மா குடுக்கறதுக்கா மாசக்கணக்கா பொண்ணு பாக்கறாப்ல பாக்கற?" என்றேன்.

அப்படித்தான் பார்த்தான். ஒன்று எல்லோரிடமும் மெயில் கேட்டது. "மலை மேல யாருக்கு மெயில் கீது?" என்று தள்ளினான். இன்னொன்றுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டுமாம். வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற லுப்னாவைப் போனில் பிடித்து, "தமிழ்ல வருமாம்மா? கரண்ட் போனா அழிஞ்சுடுமா?" என்று அந்தப் பெண்ணின் உயிரை எடுத்தான். கடைசியில் ஒன்று தேறியது. போன் நம்பரை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்குமாம். ஒரே ஆள் பத்து வாட்டி கூப்பிட்டாலும் ஒரே டிக்கெட்டாகச் சேர்க்கவும் அதில் ஒரு கட்டம் இருந்தது. அதில் அவனே டிக் அடித்தான். வருகிறவர்களுக்கெல்லாம் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். எனக்கு நம்பரெல்லாம் வேண்டாம் என்றேன் நான். "மங்கம்மா வந்துகீறான்னு போடுடா" என்று நகராமல் நின்றேன். போட்டான்.

போன வாரம் பாஞ்சாலி ஜீப்பிலிருந்து இறங்கினாள். பழம்புடவையில் சுற்றிய மோட்டாரை இடுப்பில் தூக்கி வந்தாள். மேலே அவள் ஊரில், ஊரார் சாமையைக் கூலிக்கு உமி நீக்கிக் கொடுத்துத்தான் அவள் பிழைப்பு.

"யப்பா அருளு, எத்தினி வாட்டி சொல்றது? ஏன் வரல?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான். "முடிஞ்சுட்ச்சேக்கா. பச்சை காட்டுதே."

"பச்சை காட்டுதா? மெஷினு சுத்தலியேபா. சனங்க சாமைய மூட்டை கட்டிகினு கீழ போய்ட்டாங்க. இனிமே எங்கிட்ட வருவாங்களா?"

"எந்தப் போன்ல கூப்ட்டீங்க?"

"எங்கூர்ல டவர் ஏது? டவர் கெடைக்கற வளைவுல ஜீப்ப நிறுத்தச் சொல்லி அர்ச்சுனன் போன்லதான். ஊரே அதுலதான பேசுது."

அர்ச்சுனன் அந்த ஊருக்கு ஜீப் ஓட்டுகிறவன். அதே நாளில் அதே போனிலிருந்து அதே ஊர்த் தமிழ்மணி வீட்டு விளக்கைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே ஆளின் புகார் என்று ஒன்றாகிவிட்டது. ஜீப்பில் வந்த விளக்கைக் கடையிலேயே சரிசெய்து அருள்மணி டிக்கெட்டை மூடியபோது, பாஞ்சாலியின் மெஷினும் அதோடு மூடிப்போயிற்று.

"இன்னா அருளு, ஊரு மொத்தமும் நான் ஒருத்தன்தானா?" என்றான் வாசலில் நின்ற அர்ச்சுனன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அருள்மணிக்கு முகம் சுண்டிவிட்டது. அவனும் அந்த ஊரில் பிறந்தவன்தான். வெளியூரில் படிக்கையில், அம்மாவின் குரலைக் கேட்க அடுத்தவர் போனைத்தான் நம்பியிருந்தான். அது எப்படி மறந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வேற சாஃப்ட்வேர் பாக்கலாமா?" என்றாள் கவியா, மெதுவாக.

"அது இன்னா பண்ணும்? டிக் அடிச்சது நானு."

அலமாரியிலிருந்து புது மோட்டாரை இறக்கினான். பாஞ்சாலியை ஜீப்பின் முன் சீட்டில் உட்காரச் சொன்னான். அவன் சட்டை முதுகில் 'உடனடி சர்வீஸ்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அதைக் கழற்றி, எழுத்து உள்ளே போகும்படி திருப்பி மாட்டிக்கொண்டு, பின்னால் ஏறினான்.