கொட்டகையில் பால் காய்ச்சியவர்கள்

பதினொரு பெண்கள் தங்கள் கையால் கட்டிய கொட்டகையைப் பிடுங்கி, ஒரு கூடை மண்கூடச் சுமக்காதவர்களிடம் கொடுத்தவன் நான். அதிகாரி வந்தார், ஊர்ப் பெரியவர் சொன்னார் என்று பல வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்னது பெரியவர். செய்தவன் நான்தான்.

ஐம்பதுகளின் கடைசி. விருதுநகரில் படித்து முடித்து, நாரணாபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கிராம சேவக்காக, ஊர் வளர்ச்சி வேலை பார்க்கும் அரசாங்க ஊழியனாக, இருந்தேன். ஊர்ப் பெரியவர் எங்களுக்கு உறவுமுறை. அவர் வீட்டு மாடியில் தங்கல், அவர் வீட்டிலேயே சாப்பாடு. ஊருக்கு ஒரு மாதர் சங்கம் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, முதலில் எங்கள் தெருப் பெண்களைத்தான் கேட்டேன். ஒருத்தரும் வரவில்லை. கீழத்தெருவிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். மழை பொய்த்துக் காட்டுவேலை இல்லாமல் போகவே, தீப்பெட்டி வேலைக்குப் போனவர்கள். சிலர் கம்பெனியில் குச்சி அடுக்கினார்கள். சிலர் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டினார்கள்.

சங்கம் என்ன செய்யலாம் என்று அச்சடித்த தாள் ஒன்று என்னிடம் இருந்தது. தையல், ஊறுகாய், புகையில்லா அடுப்பு. நான் வாசித்து முடித்ததும் அவர்களில் மூத்தவர் கேட்டார்:

"ஊறுகா சரிங்க ஐயா. தொட்டுக்கிட்டுத் திங்கச் சோறு எங்கன இருக்குன்னு அந்தத் தாள்ல போட்டிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டி ஒட்டும் பசையை மைதா மாவில் காய்ச்சுவார்கள். பசிக்கு யாரும் அந்த மாவைத் தின்றுவிடக் கூடாது என்று, மயில்துத்த விஷத்தைக் கலந்துதான் கம்பெனியில் கொடுப்பார்கள். தவழ்ந்து போன அவருடைய பேத்தி அந்தப் பசையை நக்கிவிட்டது.

"அம்புட்டும் பச்சையாக் கக்குச்சு ஐயா. பொழைச்சது சாமி புண்ணியம்."

அன்றிலிருந்து அந்தத் தெருவில் பிள்ளைகளின் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துவிட்டுத்தான் வேலை பார்த்தார்கள்.

"புள்ளைகள அவுத்து விட ஒரு எடம் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

பிள்ளையை மாடு மாதிரி கட்டிப்போடும் தெருவுக்கு ஊறுகாய் போடக் கற்றுக்கொடுக்கச் சொன்ன அந்தத் தாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

கண்மாய்க்கரைப் புறம்போக்கில் இடம் கிடைத்தது. ஓலையும் கதவும் அரசாங்கம் தந்தது. கம்பெனி லீவு நாட்களில் அவர்களே மண் மிதித்துச் சுவர் வைத்தார்கள். காற்றில் விழுந்து கிடந்த பனையை அறுத்து, அதில் நல்ல கட்டையாக ஒன்றைப் பதினொரு பேரும் தோளில் சுமந்து வந்து, தூளி கட்டுவதற்காகக் குறுக்கே ஏற்றினார்கள்.

"எல்லாப் புள்ளையையும் தாங்கும்டி. நீ ஏறித் தொங்காம இருந்தாச் சரி" என்று மூத்தவர் ஒருத்தியைச் சீண்டினார்.

கொட்டகை முடிந்தது. பால் காய்ச்சுவதற்கு மூத்தவர் புதுப்பானை வாங்கி வைத்தார். பசை நக்கிய பிள்ளைக்குத்தான் முதல் வாய் என்று பேசி வைத்திருந்தார்கள்.

திறப்புவிழாவுக்கு அதிகாரி மனைவியோடு வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் இலைக்கு முன்னால் பெரியவர் சொன்னார்: "ஏ மாப்பிள்ளை, அதிகாரி சம்சாரம் கீழத்தெருக்காரி காச்சுன பாலையா குடிப்பாக? நம்ம வீட்டுப் பொம்பளைக காச்சட்டும். அவளுகள வேலைக்குப் போகச் சொல்லிரு."

வாயில் அவர் வீட்டுச் சோறு இருந்தது. தலையை ஆட்டினேன்.

காலையில் போய்ச் சொன்னேன். உங்களுக்கென்று இன்னொரு நாள் விழா வைக்கலாம் என்றும் கூசாமல் சொன்னேன். "அப்ப பால் காச்சுறது யாரு?" என்று மூத்தவர் கேட்டார். சொன்னேன். அவர் புதுப்பானையை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"சரிங்க ஐயா. போயிட்டு வாங்க."

எங்கள் தெருப் பெண்கள் பட்டுச்சேலையில் வந்து பால் காய்ச்சி, போட்டோவுக்கு நின்றார்கள். 'கொட்டகை கட்டிய மாதர் சங்க உறுப்பினர்கள்' என்று அதன் அடியில் எழுதி, அறிக்கையோடு அனுப்பியதும் நான்தான்.

மறுநாள் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சின்ன வயதுத் தாய் வாசலிலேயே மறித்துக் கேட்டாள்: "அடுத்தவுக பால் காச்சுன வீட்டுல எம்புள்ளையத் தூளியில போடச் சொல்றீகளா? நாளைக்கே வெளிய போன்னா எங்கன தூக்கிட்டுப் போவேன்?"

முதல் பால் காய்ச்சியவர்களுக்குத்தான் வீடு. இது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஒரு மாதத்தில் கொட்டகைக்குத் தையல் மிஷின் வந்தது. தைக்க ஆள் வரவில்லை. அடுத்த மகசூலுக்குப் பெரியவரின் பருத்திப் பொதிகள் உள்ளே போயின, சாவி அவர் மடிக்குப் போனது. கீழத்தெருவில் பிள்ளைகள் மறுபடியும் கட்டில் காலில். தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போனேன்.

மூன்று வருடம் ஆயிற்று, எனக்குச் சொரணை வர. பெரியவர் வீட்டை விட்டு வெளியேறித் தனியாகச் சமைத்துக்கொண்டேன். போட்டோ பொய், அறிக்கை பொய், கட்டியவர்கள் இவர்கள் என்று பதினொரு பெயரையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். "உமக்கு உத்தியோகம் கசக்குதாய்யா?" என்று அதிகாரி கத்தினார். ஆனாலும் பருத்திப் பொதிகள் வெளியேறின. சாவி என் கைக்கு வந்தது. கூடவே மாற்றல் உத்தரவும் வந்தது.

ஊரை விட்டுக் கிளம்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தூக்குச்சட்டி நிறையப் பாலும் சாவியுமாக மூத்தவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்னை மன்னிக்கணும். நீங்களே வந்து காய்ச்சுங்கம்மா."

"ஒரு வீட்டுக்கு எத்தன தடவ ஐயா பால் காச்சுவாக? பந்தி முடிஞ்சு இலை போடுறீகளே." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். "பூட்ட மட்டும் தொறந்து விடுங்க. எங்க கட்டை உள்ள இருக்கு. பாலை வச்சுட்டுப் போங்க, புள்ளைக குடிக்கும்."

திறந்துவிட்டேன். பதினொரு பேரும் வந்தார்கள். கயிற்றை அறுத்துப் பனங்கட்டையை இறக்கித் தோளில் ஏற்றினார்கள். பின்பக்கம் நானும் தோள் கொடுக்கப் போனேன்.

"விடுங்க ஐயா. ஏத்துனவுகளுக்கு எறக்கத் தெரியாதா?"

விலகிக்கொண்டேன். அவர்கள் தெருவிலேயே இரண்டு வேம்புகளின் கவட்டையில் கட்டையைக் கிடத்தி, மேலே ஓலை வேய்ந்தார்கள்.

மத்தியானம் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு அந்த வழியாக நடந்தேன். கட்டையில் தூளிகள் தொங்கின. இடுப்பில் சேலை இல்லாமல் இரண்டு பிள்ளைகள் மண்ணில் தவழ்ந்தன. மூன்று கல் கூட்டிய அடுப்பில், அன்று கவிழ்த்து வைத்த அதே பானையில், நான் கொடுத்த பால் பொங்கிக்கொண்டிருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் நிற்கவில்லை.